நம்பிக்கை இல்லை என்று அப்பாவின் சாவுக் காரியத்தை நிறுத்திவிட்டீர்கள், சரி. பதிலுக்கு என்ன வைத்தீர்கள்?

"அம்மா சரியாச் சாப்பிடறதில்ல சார். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஹால்ல உக்காந்துக்கறாங்க. அப்பா போய் ரெண்டு மாசம் ஆச்சு." என் மனநல ஆலோசனை அறையில் இப்படித்தான் பேச்சு தொடங்கும். கொஞ்சம் கிளறினால் அடுத்தது வரும். "நாங்க சடங்கு எதுவும் பண்ணல. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. கண்ணம்மாபேட்டையில எரிச்சுட்டு வந்தோம், அதோட முடிஞ்சது." அம்மாவிடம் கேட்டீர்களா? "எடுத்துச் சொன்னேன் சார்."

இந்த 'எடுத்துச் சொன்னேன்'-ஐக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பெரம்பூர் குடும்பமானாலும் அடையாறு குடும்பமானாலும் வசனம் மாறுவதில்லை. சொல்கிற பிள்ளைகள் கல்நெஞ்சர்களும் இல்லை. அம்மா மேல் உயிரையே வைத்திருப்பவர்கள்தான். அவர்களுடைய நாத்திகத்தோடு எனக்கு எந்த வழக்கும் கிடையாது. ஆலோசனை அறையில் கடவுள் இருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. இந்த அம்மா இன்றிரவு தூங்குவாரா என்பதுதான் அங்கே கேள்வி.

பகுத்தறிவு மதத்தின் ஆறுதலை ஈடுகட்டுமா என்று கேட்பவர்கள், ஒரே வார்த்தையில் பதிலை எதிர்பார்க்கிறார்கள். ஆறுதல் என்பது ஒரே சாமான் என்ற நினைப்பு. அங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள்.

அந்த வழுக்கலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பகுத்தறிவாளர்கள் போடும் கணக்கு இது: செத்தவர் சொர்க்கத்தில் இருக்கிறார், மறுபடி பிறப்பார் என்று நம்புவதால் மனம் ஆறுகிறது. ஆகவே அந்த நம்பிக்கை பொய்யென்று காட்டி, அந்த இடத்தில் உண்மையை மாட்டிவிட்டால் உண்மையும் அதே ஆறுதலைத் தரும். ஃப்யூஸ் போன பல்பைக் கழற்றிப் புதுசு மாட்டுகிற மாதிரி. நம்புகிறவர்கள் இதையே தலைகீழாகச் சொல்கிறார்கள்: சாமி இல்லையென்றால் ஆறுதலே கிடையாது. ஆறுதல் முழுக்க மண்டைக்குள் இருக்கும் கருத்தில் குடியிருக்கிறது என்பதில் இரு தரப்புக்கும் ஏகப்பட்ட ஒற்றுமை.

இந்தச் சென்னையில் ஒரு சாவு வீட்டு வாசலில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். சொர்க்கத்தைப் பற்றி யார் பேசுகிறார்கள்? ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சா, டாக்டர் சர்ட்டிஃபிகேட் கொடுத்துட்டாரா, கோயம்புத்தூர்லேர்ந்து தங்கச்சி வந்து சேர எத்தனை மணி ஆகும், எத்தனை மணிக்கு எடுக்கறீங்க. இதுதான் பேச்சு. உள்ளே பெண்கள் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். எதிர்வீட்டிலிருந்து ஃப்ளாஸ்க்கில் காபி வருகிறது. சாவு வீட்டில் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது என்பார்கள். தீட்டு என்று காரணம் சொல்வார்கள். காரணத்தை விடுங்கள், விளைவைப் பாருங்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் அன்றைக்குச் சமைக்க வேண்டியதில்லை. அந்தப் பொறுப்பைத் தெரு எடுத்துக்கொள்கிறது.

பிறகு நாள் கணக்கு. பால் தெளிப்பு, அஸ்தியைக் கடலில் கரைப்பது, பத்தாம் நாள், பதினாறாம் நாள் காரியம், முப்பதாம் நாள் படையல், அமாவாசை, வருஷம் திரும்பினால் திதி. சாதிக்குச் சாதி கணக்கு மாறும். முஸ்லிம் வீடுகள் பலவற்றில் நாற்பதாம் நாள் பாத்திஹா. கிறிஸ்தவர்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்றைக்குக் கீழ்ப்பாக்கம் கல்லறைப் பக்கம் போனால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். துக்கத்துக்குக் காலண்டர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இந்த நாள் அழலாம், இந்த நாள் பத்துப் பேர் வருவார்கள், இடைப்பட்ட நாளில் கறிகாய் வாங்கு, பேங்க்குக்குப் போ.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு எங்கள் துறையில் ஒரு விளக்கம் உண்டு. துக்கம் படிப்படியாக இறங்கும் மாடிப்படி இல்லை, ஊஞ்சல் என்று 1999-ல் ஸ்ட்ரோபே, ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒரு வீச்சில் இழப்பின் பக்கம், மறு வீச்சில் அன்றாடத்தின் பக்கம். ஒரே பக்கம் நின்றுவிட்டால்தான் சிக்கல். நாள் முழுக்க அழுகிறவரும் சிக்கலில் இருக்கிறார். மறுநாளே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தவரும் சிக்கலில் இருக்கிறார். இரண்டாமவரைத்தான் நாம் 'ஸ்ட்ராங்கா இருக்கான்' என்று மெச்சுகிறோம். சடங்குக் காலண்டர் அந்த ஊஞ்சலை ஆட்டிவிடும் கை.

நம்பிக்கை என்ற பகுதியைத் தனியே பிரித்துப் பார்க்க உதவும் இன்னொன்று. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் வந்து தங்கிய கடும் மனநோயாளிகள் 31 பேரைப் பற்றிய ஆய்வு 2002-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. சராசரியாக ஆறு வாரத் தங்கல். மாத்திரை கிடையாது. நோயின் கடுமையைக் காட்டும் மதிப்பெண் ஏறத்தாழ 20% குறைந்திருந்தது. பேயோட்டுதல், சாட்டையடி ஒன்றும் அங்கே இல்லை. காலை பூஜையில் நிற்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பிராகாரம் பெருக்குவது, யாரும் விரட்டாமல் இருப்பது, இவ்வளவுதான். பலன் தந்தது பரிவான சூழல் என்றே ஆய்வாளர்கள் எழுதினார்கள். (இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தக் கிளம்பிவிடாதீர்கள். 31 பேர், ஒப்பிடுவதற்கு மற்றொரு குழுவும் இல்லை. மாத்திரை விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.)

ஜெபமாலையும் அப்படித்தான். 2001-ல் இத்தாலியில் 23 பேரை வைத்துச் சோதித்தார்கள். லத்தீனில் ஜெபமாலை சொன்னாலும், 'ஓம் மணி பத்மே ஹூம்' சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு அளவுக்கு இறங்கியது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அதோடு ஒத்திசைந்தன. சாமி வேறு, மொழி வேறு, மூச்சுக் கணக்கு ஒன்று. மந்திரம் வேண்டாம் என்றால் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்து நிமிடம், தினமும் ஒரே நேரத்தில். பதற்றம் வந்த பிறகு மட்டும் செய்து பார்த்துவிட்டு 'ஒர்க் ஆகல' என்று சொல்லாதீர்கள். சஷ்டி கவசம் சொல்லும் பாட்டி வயிற்றைக் கலக்கும்போது மட்டுமா சொல்கிறார்?

சரி, பகுத்தறிவுக்கு என்னதான் வேலை? நிறைய இருக்கிறது, இடம் தெரிந்து பயன்படுத்த வேண்டும்.

எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கும் சிகிச்சை முறை, ஆரோன் பெக் 1960-களில் வகுத்தது, எங்கள் கையில் இருக்கும் நல்ல கருவிகளில் ஒன்று. எண்ணம் தப்பாக இருக்கும் இடத்தில் அது பிரமாதமாக வேலை செய்யும். 'தலைவலிக்கிறது, மூளையில் கட்டிதான்' என்ற எண்ணத்தைத் தராசில் வைக்கலாம். சாதகமாக என்ன சான்று, பாதகமாக என்ன சான்று என்று எழுதிப் பார்த்தால் பயம் பாதியாகும். ஆனால் 'அவர் திரும்பி வரமாட்டார்' என்ற எண்ணத்தில் திருத்த என்ன இருக்கிறது? அது உண்மை. அழுகிற அம்மாவின் கணக்கில் பிழையே இல்லை. பிழையில்லாத கணக்குக்குச் சிவப்பு மை எதற்கு? துக்க வீட்டில் தர்க்கம் தோற்பது இதனால்தான். அந்த அம்மாவுக்குப் புத்தி போதாமல் இல்லை.

துக்கத்துக்குள்ளேயே ஓர் அறையில் மட்டும் பகுத்தறிவு ராஜா. குற்றவுணர்ச்சி. 'ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பார்.' இங்கே 'உன் தப்பு இல்லம்மா' என்று பத்துப் பேர் பத்துத் தடவை சொல்லியும் ஏறாது. 'விதி' என்று சொன்னால் சிலருக்கு ஏறும், சிலருக்கு எரிச்சல்தான் வரும். இப்படிச் செய்யுங்கள். ஒரு முழுத் தாளை நடுவில் மடித்து இரண்டு பத்தி. இடது பக்கம் 'அன்றைக்குத் தெரிந்தது', வலது பக்கம் 'இன்றைக்குத் தெரிவது'. மணி வாரியாக எழுத வேண்டும்.

இரவு 8: ரெண்டு வடை சாப்பிட்டார். 9: நெஞ்சு எரியுது என்றார், ஜெலுசில் கொடுத்தேன். 9.30: சரியாயிடுச்சு என்று சொல்லி நியூஸ் பார்த்தார். வியர்வை இல்லை, கை வலி இல்லை. 10.30: படுத்தார். இதெல்லாம் இடது பக்கம். ஹார்ட் அட்டாக் என்பது மறுநாள் காலை ஆறு மணிக்கு வலது பக்கத்தில் வருகிறது. எழுதி முடித்ததும் வலது பக்கத்தை மடித்து மறைத்துவிட்டு, இடது பக்கத்தை மட்டும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் 10.30 வரிக்கு வரும்போது குரல் உடைவார்கள். அந்த அழுகை நல்ல அழுகை. தடுக்காதீர்கள்.

இதில் கெடுவது மூன்று விஷயம். முதல் இரண்டு வாரத்திலேயே செய்வது. அப்போது மூளை பேனாவைப் பிடிக்கும் நிலையில் இருக்காது. ராத்திரியில் செய்வது. மூன்றாவதுதான் அதிகம் நடக்கிறது: அம்மாவுக்குப் பதில் பிள்ளையே அவசரமாக எழுதித் தீர்ப்பும் சொல்லிவிடுவது. பேனா அவர்கள் கையில் இருக்கட்டும், நாற்பது நிமிடம் ஆனாலும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில தாள்களில் இடது பக்கத்திலேயே தப்பு இருக்கும். டாக்டர் சொன்ன டெஸ்ட்டை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டது, கடைசி நாள் கோபத்தில் பேசிய பேச்சு. இங்கே தர்க்கம் விடுதலைத் தீர்ப்பு எழுதினால் அது பொய்த் தீர்ப்பு. மதங்கள் இதற்குப் பாவமன்னிப்பும் பரிகாரமும் வைத்திருக்கின்றன. நம்பிக்கை இல்லாதவர் என்ன செய்வார்? இறந்தவருக்கு ஒரு கடிதம். 15 முதல் 20 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், யாருக்கும் காட்டாமல் எழுதுவது. பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-லிருந்து சோதித்துவரும் எழுத்துப் பயிற்சியின் கணக்கு இது. ஐந்தாம் நாள் அந்தக் கடிதத்தை என்ன செய்வதென்று நீங்களே முடிவு செய்யுங்கள். மெரினாவில் கொண்டுபோய்க் கரைக்கிற பகுத்தறிவாளர்களும் உண்டு; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெட்கம் என்றதும் நினைவுக்கு வருகிறது. சடங்கு என்றாலே மூடநம்பிக்கை என்று நினைக்கும் தம்பிகள், தங்கள் சொந்த மரபையே சரியாகப் பார்க்கவில்லை. சுயமரியாதை இயக்கம் கல்யாணத்தை ஒழித்ததா? 1967-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் நிறைவேற்றிய சுயமரியாதைத் திருமணச் சட்டத்தைப் படியுங்கள். உறவினர், நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலியும் கட்டலாம். புரோகிதர் போனார். மாலை இருக்கிறது, சாட்சி இருக்கிறது, சொல் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. சாவுக்கும் அப்படியே. படத்திறப்பு, நினைவேந்தல், வீரவணக்கம். பெரியார் 1973 டிசம்பர் 24-ல் மறைந்தபோது உடலை ராஜாஜி ஹாலில் வைத்தார்கள், கூட்டம் கூட்டமாக வந்து அழுதார்கள், வேப்பேரி பெரியார் திடலில் அடக்கம் செய்தார்கள், இன்றும் அங்கே மாலை போடுகிறார்கள். தர்க்கம் மட்டும் போதும் என்று அந்த இயக்கம் ஒருநாளும் நினைக்கவில்லை. காரியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டவர்கள் நீங்கள்தான்.

ஆகவே எடுக்கிறவர்கள் வைக்கவும் வேண்டும். படத்திறப்பு நடத்துவதென்றால் நாள் இப்போதே குறியுங்கள். பத்திலிருந்து பதினாறாம் நாளுக்குள். 'எல்லாருக்கும் சௌகரியமான ஞாயித்துக்கிழமை' என்று தள்ளினால் அது நடக்காது. மண்டபம் வேண்டாம், மொட்டை மாடி போதும், முப்பது நாற்காலி. பேசுவது ஐந்து பேர், ஆளுக்கு நாலு நிமிடம். 'அன்னார்' என்று ஆரம்பிக்கும் புகழுரை வேண்டாம். ஒவ்வொருவரும் ஒரு சம்பவம், அதில் இறந்தவர் பேசிய ஒரு வாக்கியமாவது வர வேண்டும். ஒரு நிமிடம் அமைதி. மனைவிதான் படத்துக்கு முதல் பூ வைக்க வேண்டும். அமங்கலம், பின்னால் நில் என்று எந்தப் பெரிசு சொன்னாலும் சரி. முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பாட்டை வெட்டிவிடாதீர்கள், நிகழ்ச்சியில் பாதி அதுதான். மேடைப் பேச்சாளர் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் ஆரியத்தைச் சாடுவது இந்த வகைக் கூட்டங்களின் பரம்பரை வியாதி. அவரை அழைத்தே ஆக வேண்டுமென்றால் கடைசிக்கு முன்னால் பேச வையுங்கள், பந்தி தயார் என்று ஒரு சின்னப் பையனை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

இத்தனையும் அம்மாவுக்குச் சம்மதமானால்தான். அம்மா நம்புகிறவர் என்றால் காரியம் செய்துவிடுங்கள். கொள்ளி வைக்க மனமில்லையா, சித்தப்பாவோ தம்பியோ தங்கையோ செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். துக்கத்தின் முதல் உரிமை மனைவிக்கு அல்லது கணவனுக்கு, அடுத்துதான் பிள்ளைக்கு. உங்கள் கொள்கையை நிறைவேற்ற உங்கள் சாவு மிச்சமிருக்கிறது. அதற்கு உயில் எழுதி வையுங்கள்.

நாத்திகப் பிள்ளைகளை இவ்வளவு திட்டியதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம். குழந்தையைப் பறிகொடுத்தவளிடம் 'போன ஜென்மத்துப் பாவம்' என்று சொல்பவர்கள் நீங்கள்தான். மதத்தை வைத்து மனிதர்கள் துன்பத்தைச் சமாளிக்கும் விதத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் கென்னத் பர்காமெண்ட். அவரும் குழுவினரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 600 முதிய நோயாளிகளை இரண்டு ஆண்டு தொடர்ந்தார்கள். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார், தண்டிக்கிறார் என்று தவித்தவர்களில் இறந்தவர்கள் அதிகம். மதம் தைலமும் ஆகும், உப்பும் ஆகும். எதைத் தடவுகிறோம் என்று பார்த்துத் தடவுங்கள். சொல்ல ஒன்றும் தோன்றவில்லையா? 'சாப்டியாம்மா' போதும்.

மாத்திரை. மனச்சோர்வு மாத்திரை பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம், முழுப் பலனுக்கு ஆறு வாரமும் ஆகலாம். ஒரு மண்டலம் 48 நாள், ஏழு வாரத்துக்கு ஒரு நாள் குறைவு. மாத்திரையும் வேண்டுதலும் ஒன்றாக ஆரம்பித்தால் பெயர் வடபழனி முருகனுக்குத்தான் போகும். போகட்டும், எங்களுக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஆனால் முருகன் குணப்படுத்திவிட்டான் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், நிறுத்துவதையும் டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைத்துத்தான். இருதுருவ மனநோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் உப்பில்லாத விரதமோ தண்ணீர் குடிக்காத நோன்போ தொடங்குமுன் கண்டிப்பாக மனநல மருத்துவரைக் கேட்க வேண்டும். உடலில் உப்பும் நீரும் குறைந்தால் லித்தியம் ரத்தத்தில் ஏறி நஞ்சாகும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம், குழறல் வந்தால் அது சாமி வந்திருப்பது அல்ல. உடனே ஆஸ்பத்திரி.

கட்டிப்போட்டால் குணமாகும் என்று யாராவது சொன்னால் ஏர்வாடியை நினைத்துக்கொள்ளுங்கள். 2001 ஆகஸ்ட் 6, மனநோயாளிகள் காப்பகத்தில் தீ, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர். 2017 மனநலச் சட்டப்படி சங்கிலி குற்றம்.

எப்போது எங்களிடம் வர வேண்டும்? அழுகிறார் என்பதற்காக வேண்டாம். ஆறு மாதம் தாண்டியும் நாள் முழுக்க ஏக்கம், வேலை எதுவும் ஓடவில்லை, இறந்தவர் பொருளைத் தொடவே முடியவில்லை அல்லது விடவே முடியவில்லை என்றால் வாருங்கள். 'நானும் அவர்கிட்டயே போயிடறேன்' என்ற பேச்சுக்கு ஆறு மாதக் கணக்கெல்லாம் கிடையாது. அன்றைக்கே வாருங்கள். பயப்படாமல் நேரடியாகக் கேளுங்கள், 'செத்துடணும்னு தோணுதா?' கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இரவு பகல் எந்நேரமும் அரசு உதவி எண்களான 14416-க்கோ 104-க்கோ இலவசமாகப் பேசலாம்.

கடைசியாகக் கெஞ்சிக் கேட்கும் ஒரு வேலை. சடங்கு செய்த வீடு, செய்யாத வீடு இரண்டும் ஒன்றாகச் சறுக்குவது பதினேழாம் நாள். பந்தல் பிரித்தாயிற்று, தங்கை ஊருக்குப் போயாயிற்று, பிள்ளை ஓ.எம்.ஆர். ஆபீசுக்குக் கிளம்பிவிட்டான். விளக்கு வைக்கும் நேரம், சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு, வீடு ஓவென்று இருக்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும், பதினேழாம் நாளிலிருந்து நாற்பதாம் நாள் வரை, ஒரு தாளில் பெயர் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். திங்கள் மாடி வீட்டு அக்கா, செவ்வாய் பெரிய மருமகள் வீடியோ கால், புதன் அத்தை, வியாழன் அம்மாவின் பழைய ஸ்கூல் சிநேகிதி, வெள்ளி கோயிலோ பீச்சோ அவர் இஷ்டம், சனியும் ஞாயிறும் நீங்கள். வருகிறவர்கள் ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை. கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.